உள்ளே ஆடும் சில்லு

என் மேசையில் ஒரு மண்கலம் இருக்கிறது. ஆறு முகம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும். உச்சியில் வாய் என்று ஒரு கீறல், விரல்கூட நுழையாது. பூ வைக்க முடியாது, பேனா நிற்காது. வருகிறவர்கள் எல்லாம் "இது எதுக்குங்க?" என்பார்கள். "சும்மா, பார்க்கத்தான்" என்று சமாளிப்பேன். தூசி தட்டத் தூக்கினால் உள்ளே ஏதோ லொடலொடவென்று ஆடும்.

செய்தவர் எங்கள் தாம்பரம் குடியிருப்பில் மாடி வீட்டு அக்கா. ஒரு கம்பெனியில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். பள்ளிக்கரணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இருவரும் ஒன்றாகத்தான் களிமண்ணைத் தொட்டோம். நான் கிண்ணமாகச் செய்து குவித்தேன். அக்காவோ அட்டையில் சாய்சதுரங்களை வெட்டி, அந்த அளவுக்கு மண்ணைத் தகடாக அறுத்து ஒட்டுவார். "உருண்டையெல்லாம் சக்கரமே பண்ணிடும்டி. மூலைக்குத்தான் நாம வேணும்" என்பார். குடியிருப்பு அசோசியேஷன் "சூளையா, வேண்டவே வேண்டாம்" என்றுவிட்டதால், பீர்க்கன்கரணையில் அவர் தம்பி வீட்டு மொட்டை மாடியில் மின்சூளை வைத்தோம்.

நகரத்துக் கேலரி ஒன்று முதன்முதலாக அக்காவைக் கண்காட்சிக்குக் கேட்டது. ஐந்து கலங்கள், நான்கு மாத உழைப்பு. அதில் ஒன்று வாயே இல்லாமல் முழுக்க மூடிய வடிவம். அப்படிச் செய்தால் அடியில் ஊசித்துளை விட்டாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சிக்கிய ஈரம் சூட்டில் ஆவியாகி வெடித்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எங்கே பிசிறைப் பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. கலங்கள் காயும் முன் ஒவ்வொன்றின் அடியையும் ஈரவிரலால் துடைத்தபோது ஒன்றில் சின்னக் குழி தென்பட்டது. எதன் அடி என்று திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு பொட்டு மண் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி அடைத்துவிட்டேன். பாவி!

சூளை ஏற்றிய அன்று 'டமார்' என்ற சத்தம் கேட்டது. நான் அடைத்தது எந்தக் குழியை என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. "ஆனது ஆச்சு, மிச்சமாவது வேகட்டும்" என்றார் அக்கா. ஆறிய பின் திறந்தால் நான்கு கலங்கள் தூள். ஓரமாக இருந்த ஒன்றுதான் தப்பியது. "நீ தொடாதே, கையைக் கிழிச்சுக்கப்போறே" என்று ஒவ்வொரு சில்லாக அவரே பொறுக்கினார். பிறகு கேலரிக்குப் போன் செய்தார்.

"தப்பு என்னோடதுதான் சார். துளை விட மறந்துட்டேன்."

பக்கத்தில் குத்துக்கல்லாக நின்றேன். கண்காட்சி கைநழுவிப் போனது, கேலரியும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. நாங்கள் வழக்கம்போல் மொட்டை மாடியில் டீ குடித்துக்கொண்டுதான் இருந்தோம். ஒவ்வொரு டீயோடும் 'நான்தான்' என்ற அந்த ஒரு வார்த்தையை விழுங்கினேன். அக்கா தன் மகளோடு கோவைக்குக் குடிபோனபோது, தப்பிப் பிழைத்த கலத்தை என் கையில் கொடுத்து, "அடிக்கடி தூக்கிப் பாரு" என்றார்.

போன மாதம் சுத்தம் செய்யும் பைத்தியம் முற்றி, கலத்தைக் கவிழ்த்து ஹேர்பின்னால் நோண்டினேன். நகமளவு சில்லு ஒன்று விழுந்தது. அடைத்த துளை. அதன் மேல் வெந்து இறுகிய கட்டைவிரல் ரேகை, அதைக் குறுக்கே வெட்டும் ஒரு கோடு. அரிவாள்மணை கிழித்த என் தழும்பு! உட்கார்ந்து அழுதேன். பிறகு போன் போட்டேன்.

"அக்கா, அந்த ஓட்டையை அடைச்சது நான்தான்."

அக்கா சிரித்தார். "ஏழு வருஷமா உள்ள லொடலொடன்னு ஆடிக்கிட்டே கெடந்துச்சே, உனக்குக் கேக்கவேயில்லையாடி?"

"அன்னிக்கே திட்டியிருக்கலாமே அக்கா."

"திட்டியிருந்தா நீ திரும்ப மண்ணைத் தொட்டிருப்பியா?"

சில்லை மறுபடி உள்ளேயே போட்டுவிட்டேன். நேற்று எதிர்வீட்டுப் பெண் கலத்தைத் தூக்கிப் பார்த்து, "இது எதுக்கு ஆன்ட்டி?" என்றாள்.

"என் தப்பை வெச்சிருக்கேன்மா" என்றேன்.