புரிந்ததென்று கையெழுத்திட மறுத்தவர்

நான் நேரில் கண்டதும் கேட்டதும், பின்னர் உரியவர்களிடம் படித்துக் காட்டிச் சரிபார்த்ததும் மட்டுமே இந்தக் கட்டுரையில் இடம்பெறும். இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் உண்டு. எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்கில் ஒருவர் வயது வந்தபின் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவரானால், அவருடைய கதை ஓராண்டுக்குள் வளர்ந்துவிடும். நான் எழுதப்போகும் மனிதரைப் பற்றியும் ஒரு கதை உலவியது. அவர் கனவில் மூன்று விளக்குகளைக் கண்டாராம்; அவை ஒரே சுடராக எரிந்தனவாம்; விடிந்ததும் கோயிலுக்கு ஓடி வந்தாராம். அவரிடமே கேட்டேன்.

“கனவா? படுத்தா காலைல சைரன் அடிக்கிற வரைக்கும் கட்டைதான் டீச்சர். எவன் கெளப்பி உட்டான் இத?” என்றார்.

ஆகவே கனவு இல்லை. இந்தக் கட்டுரையின் முதற்படியைக் கணவன் மனைவி இருவருக்கும் படித்துக் காட்டினேன். தங்கள் பெயர்கள் வேண்டாம் என்றார்கள். அவரைப் புகழ்ந்து நான் எழுதியிருந்த இரண்டு வரிகளை அவர் நீக்கச் சொன்னார், நீக்கிவிட்டேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான துளையிட்ட இரும்புப் பாகங்களைச் செய்யும் சிறிய பட்டறை ஒன்றில் அவர் தரச் சோதனையாளர். செய்து முடித்த பாகங்கள் அவர் மேசைக்கு வரும். அவர் சோதித்துக் கையெழுத்திட்டால் வெளியே போகும்; இல்லையென்றால் சிவப்பு அட்டை கட்டித் திரும்பிப் போகும். அவர் எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை. அவர் மனைவி கத்தோலிக்கர், தென்கோடியிலிருந்து ஆவடித் தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பத்தின் மகள், அதன் குடியிருப்பில் வளர்ந்தவர். திருமணமாகி இருபத்துமூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் மனைவியை ஸ்கூட்டரில் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, எதிரே உள்ள தேநீர்க் கடையில் நிற்பார். பூசை முடிந்ததும் அழைத்துக்கொண்டு போவார். நற்கருணை அப்பம் வாங்கும் வரிசையில் அந்த அம்மாள் தனியாகத்தான் நடப்பார். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஓர் ஆண்டு, தாமும் சேர்ந்துகொள்வதாக அவரே பங்குத்தந்தையிடம் சொன்னார். உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டருக்குள் பாடங்களை முடிக்க நாள் போதவில்லை. எனவே எட்டு வாரம் கழித்து வரும் மூவொரு கடவுள் பெருவிழாவன்று திருமுழுக்கு என முடிவாயிற்று. பாடம் சொல்லித்தரும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி நடத்துபவள்.

சனிக்கிழமை மாலைகளில் இருவரும் சேக்காட்டில் உள்ள என் வீட்டுக்கு வருவார்கள். படைப்பு, பாவம், சிலுவை என்று பாடங்கள் தடையின்றி நடந்தன. உயிர்ப்பைப் பற்றிப் பேசும்போது எதிர்ப்பு வரும் என்று நினைத்தேன்; வரவில்லை. “செத்தவர் எழுந்தாருன்றது நடந்துச்சா நடக்கலையான்ற கேள்வி. நடந்துச்சுன்னு சாட்சி சொன்னவங்கள நம்பறேன். முடிஞ்சுது” என்றார்.

பிறகு, தந்தை, மகன், தூய ஆவியார் மூவரும் ஒரே கடவுள் என்னும் மூவொரு கடவுள் பாடத்துக்கு வந்தோம். அதற்கென்று ஒரு கேள்வி பதில் தாள் இருந்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் பங்குக்காக நான் எழுதியது. சிறுவர்கள் முதல் பெரியவர்கள்வரை அதை மனப்பாடம் செய்துதான் ஒப்பித்தார்கள். அந்தத் தாளில் ஓர் ஒற்றுப்பிழைகூடக் கிடையாது. அதில் எனக்குப் பெருமை உண்டு. அதன் மையமான பதில் இது: நீரானது உறைந்தால் பனிக்கட்டி, கொதித்தால் ஆவி, பொருள் ஒன்று, நிலைகள் மூன்று, அவ்வாறே தந்தை, மகன், தூய ஆவியார்.

அவர் தாளை இருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“டீச்சர், ஏசு ஆத்துல முழுக்கு வாங்கும்போது மேலருந்து அப்பா கொரல் வந்துச்சு, ஆவி புறா மாதிரி எறங்குச்சுன்னு போன வாரம் சொன்னீங்க.”

“ஆமாம்.”

“மூணு பேரும் ஒரே நேரத்துல கீறாங்க இல்ல? அதே தண்ணி ஐஸா நிக்கிறப்ப ஆவியா மேல கீதா? ஐஸு ஆத்துல நிக்குது, அப்போ மேலருந்து பேசினது யாரு?”

பதினொரு ஆண்டுகளில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

முட்டைக்குத் தாவினேன். ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு மூன்றும் சேர்ந்து ஒரே முட்டை என்றேன்.

“ஓட்ட மட்டும் குடுத்து, இதான் முட்டை, ஆம்லெட் போடுன்னா போடுவீங்களா? ஓடு முட்டைல ஒரு துண்டு. ஏசு கடவுள்ல ஒரு துண்டா?”

“ஒரே மனிதர் தந்தையாகவும் மகனாகவும் கணவராகவும் இருப்பதில்லையா?”

“நான் மூணாவும் கீறேன். ஆனா அப்பாவா நின்னு, மகனா கீற எங்கிட்டயே நான் பேசிக்கினா, இவ கட்டிப் போட்ருவா.”

அவர் மனைவிக்குப் பொறுமை போயிற்று. “பாத்தீங்களா டீச்சர்? ஊர் உலகமெல்லாம் ஒத்துக்கிட்ட கடவுளுக்கு இவரு சீல் குத்தணுமாம்! தாள்ல இருக்கதச் சொல்லிட்டு வாங்களேன், ஃபாதர் என்ன அடிக்கவா போறாரு?”

“புரியாதத புரிஞ்சுதுன்னு எப்டிமே சொல்றது? அளக்காம கையெழுத்து போட்டா, வண்டி ரோட்ல போறப்ப எவனோ ஒருத்தன் சாவான்.”

“இதுல யாரு சாவா?”

“நான் பொய் சொல்லிக்கினு உள்ள வரணுமா? அப்டி வர்றதுக்கு டீக்கடையே தேவல.”

அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். விழாவுக்கென வெள்ளை வேட்டி எடுத்து, சட்டையும் தைத்து வைத்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். போகும்போது வாசலில் என்னிடம் மட்டும், “அவரு மாட்டேன்னா மாட்டாருதான் டீச்சர். எனக்குத் தெரியும்” என்றார். தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது. எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டு: திருமுழுக்குப் பெறவிருக்கும் பெரியவர், அதற்கு முந்திய ஞாயிறு, பங்குத்தந்தையும் பங்குப் பேரவையினரும் அமர்ந்திருக்க, கேள்விகளுக்குத் தம் வாயால் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வாரம் பள்ளி விட்டு வந்ததும் நாள்தோறும் பழைய மறையேடுகளைப் புரட்டினேன். திருச்சபையின் தொன்மையான நம்பிக்கை அறிக்கைகளில் நீரும் இல்லை, முட்டையும் இல்லை. எந்த உவமையும் இல்லை. பெரும்பாலும் மறுப்புகளே இருந்தன. என் தாளிலிருந்த நீர் உவமை, திருச்சபை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தவறென்று தள்ளிய கருத்து என்பதையும் அறிந்தேன். ஒருவரே மூன்று வேடம் புனைகிறார் என்ற அந்தப் பிழையைத்தான் நான் பிழையற்ற தமிழில் கற்பித்து வந்திருக்கிறேன். அன்று நான் வெட்கப்பட்டதை மறைப்பதற்கில்லை.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். அவர் விடைபெற்றுக்கொள்வதற்காகவே வந்தார் என்பதைப் பின்னர் அவரே சொன்னார். நான் முந்திக்கொண்டேன்.

“ஐயா, என் தாள் தவறு. அதற்கு மாற்றாகத் தர என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை. பழைய அறிக்கையில் உள்ளதை மட்டும் படிக்கிறேன்.”

படித்தேன். தந்தை கடவுள், மகன் கடவுள், தூய ஆவியார் கடவுள். தந்தை மகன் அல்லர். மகன் தூய ஆவியார் அல்லர். தூய ஆவியார் தந்தை அல்லர். ஆயினும் கடவுளர் மூவர் இல்லை, கடவுள் ஒருவரே. இதுதான் நான் படித்ததன் சாரம்.

“இவ்வளவுதான். எப்படி என்று இதிலும் சொல்லவில்லை” என்றேன், மன்னிப்புக் கேட்கும் குரலில்.

அவர் முகம் மாறியதைக் கண்டேன். “இன்னொரு தபா படிங்க.”

படித்தேன்.

“இத ஏன் டீச்சர் மொதல்லயே குடுக்கல? இது கேஜ்!”

துளையைச் சோதிக்கும் கருவியை அவர்கள் கேஜ் என்றே சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். மேசையிலிருந்த என் எழுதுகோலை எடுத்து அவர் விளக்கினார். கேஜ் என்பது இரு முனையுள்ள இரும்புக் கோல். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். சற்றே பருத்த மறுமுனை போகக் கூடாது. முதல் முனை போகாவிட்டால் துளை சிறியது. மறுமுனை போய்விட்டால் துளை பெரியது. இரண்டுமே தள்ளுபடி.

“துளை கரெக்டா எவ்ளோன்னு கேட்டா கேஜுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனா தப்பா கீறது ஒண்ணுகூட என் மேசையத் தாண்டாது. நீங்க படிச்சதும் அதே வேலையத்தான் செய்யுது. மூணு சாமின்னியா, ரிஜெக்ட். ஒருத்தரே மூணு வேசம் போட்றாருன்னியா, ரிஜெக்ட். மூணு துண்ட ஒட்டவச்சதுன்னியா, அதுவும் ரிஜெக்ட். கடவுள் எவ்ளோன்னு அது அளக்கவே இல்ல. நாம உளறாம பாத்துக்குது.”

பல மாலைகள் புரட்டியும் எனக்குக் குறைபாடாகத் தோன்றிய ஒன்றை, அதுவே அதன் வேலை என்று அவர் ஒரே வீச்சில் கண்டுகொண்டார்.

அவர் மனைவி மட்டும் அசையவில்லை. “கேஜு கெடைச்சிருச்சு. சரி. அத வச்சு நீங்க எதச் சோதிக்கப் போறீங்க? உங்களுக்குத்தான் சாமியே கெடையாதே” என்றார்.

சரியான அடி. நானும் அதையேதான் நினைத்தேன்.

“ஏன் இல்ல?” என்றார் அவர். “காலைல ஹெல்மெட் மாட்றதுக்கு முன்னாடி என் நெத்தில கட்டவிரலால சிலுவை போட்டு, மூணு பேரயும் சொல்லி அனுப்பறியே. இருவத்திமூணு வருசமா. ஒரு நாள் உட்டிருக்கியா? சண்டை போட்ட அன்னிக்குகூட மூஞ்சிய திருப்பிக்கினு போட்ட. யாரக் கூப்புட்டு என்ன அனுப்பறன்னு தெரியாமயே நானும் போய்க்கினு வந்துக்கினு கீறேன். அதான் சோதனைக்கு மேசைல கீற ஜாப். கேஜ்தான் இத்தினி நாளா இல்ல.”

அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். “நான் சொல்லுறது உங்க காதுல விழுந்துச்சா?”

“காது நெத்திக்குப் பக்கத்துலதான கீது?”

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல” என்றார்.

மறுநாள் பூசைக்குப் பின் கோயிலை ஒட்டிய அரங்கில் தேர்வு நடந்தது. பங்குத்தந்தையின் கையில் என் பழைய தாள் இருந்தது. மாற்றித்தர எனக்கு நேரமில்லை. மற்றக் கேள்விகள் முடிந்தன.

“மூவொரு கடவுளை எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?” என்று பங்குத்தந்தை கேட்டார்.

“புரிஞ்சுக்கல ஃபாதர்.”

அவர் மனைவி என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். பேரவை உறுப்பினர் ஒருவர், உதவுவதாக எண்ணிக்கொண்டு, “தண்ணி, ஐஸு, ஆவி... சொல்லுப்பா!” என்று எல்லாருக்கும் கேட்கும்படி எடுத்துக்கொடுத்தார்.

“அது ரிஜெக்ட், அண்ணாத்தே” என்றார் அவர், திரும்பாமலே.

சிரிப்பு அடங்கியதும் நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். எவை தவறு, ஏன் தவறு என்று ஒவ்வொன்றாக. ஆற்றங்கரையில் கேட்ட குரல், ஆம்லெட் ஆகாத ஓடு, தனக்குத்தானே பேசும் மனிதர், எதையும் அவர் விடவில்லை. இறுதியில், “அப்பா கடவுள், மகன் கடவுள், ஆவி கடவுள். இவரு அவரு இல்ல. ஆனா கடவுள் ஒருத்தர்தான். இத முழுசா அளக்க எங்கிட்ட கருவி இல்ல ஃபாதர். ஆனா இதுக்குக் கீழ நான் கையெழுத்து போடுவேன்” என்றார்.

பங்குத்தந்தை தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். “தந்தையே, அந்தத் தாளை எழுதியவள் நான். நீர் உவமை தவறானது. அவர் சொல்வதே திருச்சபையின் போதனை” என்றேன். நாற்பது பேர் முன்னிலையில் என் பிழையை நானே சொன்னேன். அன்று அது எனக்குச் சுமையாக இல்லை. வென்றவர் பக்கம் நின்ற உணர்வே இருந்தது.

பங்குத்தந்தை தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். “நான் வந்த நாள் முதலா இதத்தான் கேட்டுட்டு இருக்கேன். இங்க யாரும் இந்தக் கேள்விய இப்படித் தாண்டினது இல்ல. அடுத்த ஞாயிறு வாங்க” என்றார். பிறகு, “தண்ணியே வேணாம்னு சொல்லிடாதீங்க. அது இல்லாம திருமுழுக்குக் கொடுக்க முடியாது” என்றார். அரங்கு அதிரச் சிரித்தது. எடுத்துக்கொடுத்த உறுப்பினர்தான் முதலில் கைதட்டினார்.

பெருவிழாவன்று கோயில் நிரம்பியிருந்தது. வெள்ளை வேட்டியும் சட்டையுமாக அவர் தலை குனிந்து நின்றார். தந்தையின் பெயரைச் சொல்லி ஒருமுறை, மகனின் பெயரைச் சொல்லி ஒருமுறை, தூய ஆவியாரின் பெயரைச் சொல்லி ஒருமுறை அவர் தலையில் நீர் வார்க்கப்பட்டது. நரைத்த முடியிலிருந்து நீர் சட்டைக்குள் இறங்க, அவர் நிமிர்ந்தார். மணி அடித்தது. பாடற்குழு தொடங்குவதற்கு முன்பே கூட்டம் பாடத் தொடங்கிவிட்டது. நற்கருணை நேரத்தில் கணவனும் மனைவியும் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நடந்தார்கள். அந்த அம்மாள் இருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

நான் புதிய தாளை எழுதினேன். பழையது இரண்டு பக்கம். புதியது அரைப் பக்கம். உவமை ஒன்றும் இல்லை. சிறுவர்களுக்கு ஐஸ் இல்லாமல் பாடம் இனிக்காது என்று மறைக்கல்வி ஆசிரியர் சிலர் முறையிட்டார்கள். பேரவையில் வாக்கெடுப்பு நடந்தது. புதிய தாளே வென்றது. அச்சுக்குப் போகுமுன் அவரிடம் கொடுத்தேன். வரிவரியாகப் படித்தார். கீழே பேனாவால் தேதியிட்டுக் கையெழுத்திட்டுத் தந்தார்.

நான் அறியாதவை இரண்டு. இருபத்துமூன்று ஆண்டுகள் வெளியே நின்றவர் அந்த ஆண்டு மட்டும் ஏன் உள்ளே வர எண்ணினார் என்பது தெரியாது; கேட்டேன், அவர் சொல்லவில்லை. மூவரும் எவ்வாறு ஒரே கடவுளாக இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.