பீரோவை மறைத்த ரயில்

தெர்மாகோலைச் சூட்டுக் கம்பியில் அறுக்கும்போது ஒரு வாசனை வரும் பாருங்க... மூக்கில் ஏறினால் ரெண்டு நாளைக்கு இறங்காது. கல்யாண மேடை அலங்காரம் செய்கிற எங்களுக்கு அதுதான் சாம்பிராணி.

இப்போதெல்லாம் அந்த வாசனை வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வருகிறது. ஏன் என்று சொல்கிறேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சரியாக இருந்தால் பாராட்டுங்கள்.

பதினைந்து வருடம் இருக்கும். திண்டிவனம் பக்கம் ஒரு சின்ன நூலகம், பேர் வேண்டாம். கோடை லீவுக்குப் பிள்ளைகளுக்கு வாசிப்பு முகாம் என்று அங்கே நூலகராக இருந்த சகுந்தலா மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"மணி, பசங்க உள்ள வந்தா வாயப் பொளக்கணும். ஆனா கல்யாண மண்டபம் மாதிரி மட்டும் பண்ணி வெக்காதய்யா" என்றார்.

யோசனையும் அவருடையதுதான். சுவர் நீளத்துக்கு ஒரு ரயில். ஒரு புத்தகம் படித்தால் ஒரு அட்டை டிக்கெட். பத்து டிக்கெட் சேர்த்த பிள்ளையின் பேர் பெட்டி ஜன்னலில் ஏறும்.

ரெண்டு நாள் ராப்பகலாகச் செய்தேன். இன்ஜின், ஏழு பெட்டி, பஞ்சில் புகை... ரயில் நுழைய மூலையில் ஒரு பெரிய மலை, அதில் குகை. மலைக்குப் பச்சை பெயிண்ட், மேலே ஜிகினாத் தூள்.

மறுநாள் காலை மேடம் வந்தார். ஒரு நிமிஷம் சிரித்தார். அப்புறம் சுற்றும் முற்றும் தேடினார்.

"மணி, இங்க ஒரு பீரோ இருந்துச்சே, இன்னா பண்ண?"

"மலைக்குப் பின்னாடி இருக்குது மேடம். துருப்புடிச்சி கண்றாவியா இருந்துச்சா, மறைச்சி உட்டேன்."

"அடப்பாவி! பசங்க புக்கு மொத்தமும் அதுலதான்யா இருக்குது!"

மேடைக்காரன் கண்ணுக்குத் துருப்பிடித்தது எதுவுமே மறைக்க வேண்டிய பொருள்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிற பழக்கம் எங்கள் தொழிலில் கிடையாது. என் புத்தி அவ்வளவுதான்.

கதவளவுக்கு அறுத்துவிடலாம், அரை மணி நேர வேலை. மேடம் எதற்கும் மேலதிகாரியிடம் கேட்போம் என்று போன் போட்டார். அங்கேதான் வந்தது வினை.

"ஒரு ஓட்டை கூட போடக் கூடாதாம் மணி. திங்கக்கெழம அவரு வந்து தெறந்து வெக்கிறாராம். அதுவரைக்கும் அப்பிடியே இருக்கணுமாம்."

அந்தத் திங்கள் அவர் வரவில்லை. மீட்டிங். அடுத்த திங்களும் வரவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பிள்ளைகள் தினமும் வந்து பாயில் உட்கார்ந்து என் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசிப்பு முகாமாம்! வாசிக்க அங்கே பழைய செய்தித்தாள்தான் கிடந்தது.

கழன்ற ஜிகினாவை ஒட்ட நான் அவ்வப்போது போவேன். போகும்போதெல்லாம் அமுதா என்று ஒரு பெண் என்னைப் பிடித்துக்கொள்வாள். ஒன்பது வயசு. ஒலக்கூர் பக்கத்துக் கிராமம், லீவுக்கு அத்தை வீட்டுக்கு வந்தவள்.

"மாமா, ஒரு ஆட்டுக்குட்டி கெணத்துல வுழுந்துடுச்சி. பாதி படிக்கசொல்ல லைப்ரரிய மூடிட்டாங்க. மறுபடி தெறந்தப்போ வந்தா உங்க மல நிக்குது. குட்டி மேல வந்துச்சா இல்லியா?"

நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இத்தினி நாளு தண்ணில கெடந்தா அது எங்க பொழைக்கும்? பிரியாணி ஆயிருக்கும் போ" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். உதடு கோணிக்கொண்டு போய்விட்டது அவளுக்கு. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினெட்டாம் நாள், சனிக்கிழமை. போனேன். அவள் மட்டும் மலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா, திங்கக்கெழம தெறந்துடுவாங்க. படிச்சிக்கலாம் வுடு."

"நான் நாளிக்கி ஊருக்குப் போறேன் மாமா. அப்பா இட்டுனு போக வராரு. எங்க ஊர்ல லைப்ரரி இல்ல."

மேடத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். பிறகு செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். தலைகீழாக!

பையிலிருந்து பிளேடை எடுத்தேன். நானே ஒட்டிய மலையை மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. பீரோ கதவு கிறீச்சென்று திறந்தது. அமுதா கையை விட்டுப் புத்தகத்தை உருவி, நின்றபடியே படித்தாள்.

பத்து நிமிஷம். மொத்தமே பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஒரு குழந்தையைப் பதினெட்டு நாள் உட்கார வைத்தோம், நானும் அந்த ஆபீசரும் சேர்ந்து.

"வந்துடுச்சி மாமா!" என்று ஒரு கத்து கத்திவிட்டு ஓடிவிட்டாள்.

அதிகாரி ஒரு வழியாக வந்தார். கிழிந்த மலையைப் பார்த்துக் குதித்தார். "எலி கடிச்சிடுச்சி சார்" என்றார் மேடம், முகத்தில் ஒரு சலனம் இல்லாமல். அந்த எலி ஓரமாகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தது. அவர் ரிப்பன் வெட்டினார், போட்டோவுக்கு நின்றார், போனார். ஒரு புத்தகத்தைக் கூடத் தொடவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வாரம் விழுப்புரத்தில் ஒரு கோடை வாசிப்பு முகாமுக்குப் போயிருந்தேன். வாசலில் செல்ஃபி எடுக்கத் தனி இடம். நடுவில் ஆளுயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி ஒரு கோபுரம். அத்தனையும் பளபளக்கும் சிறுவர் புத்தகங்கள். அழகுதான். தொழில்காரன் கண் பொய் சொல்லாது. ஒன்றை எடுக்கலாம் என்று கை வைத்தேன்... அசையவில்லை.

"இழுக்காதீங்கண்ணே, பக்கமெல்லாம் பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கோம். பசங்க எடுத்துடுவாங்கல்ல?" என்றான் அலங்காரம் செய்த தம்பி, பெருமையாக.

"எடுக்கத்தானடா புக்கு!"

"ஜல்தி போட்டோ புடிச்சிக்கினு நவுருங்கண்ணே, பின்னாடி லைன் நிக்குது."

கோபுரத்துக்கு முன்னால் போட்டோவுக்கு நின்றுவிட்டு நகர்ந்தேன். நானாவது தெரியாமல் மறைத்தேன். கதவாவது இருந்தது, பொய் சொல்லிக் காப்பாற்ற ஒரு மேடம் இருந்தார். பக்கத்துக்குப் பக்கம் பசை காய்ந்தபிறகு எந்த ஆட்டுக்குட்டி மேலே வரும்?

கீழே உள்ள போட்டோவில் முறைத்துக்கொண்டு நிற்பவன் நான்தான். எனக்குப் பின்னால் தெரிகிற கோபுரத்தில் ஒரே ஒரு புத்தகத்தை யாராவது கிழியாமல் பிரித்துப் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள். சிரித்த முகமாக வேறு போட்டோ போடுகிறேன்.