இளைக்க விடாத தெரு

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தி குண்டாகிவிட்டால், "என்ன, நல்லா பூசினாப்ல இருக்கே!" என்று சிரிப்பார்கள். இளைத்துவிட்டால் சிரிக்க மாட்டார்கள். "ஐயோ, என்னம்மா ஆச்சு?" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில், எங்கள் தெருவுக்கும் அந்தப் பழக்கம் விசா எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதனால் ஒரு குளிர்காலம் முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எனக்கு இளைக்க வேண்டியிருந்தது. அழகுக்காக இல்லை. அழகைப் பற்றிக் கவலைப்படும் வயதெல்லாம் மகளின் டேகேர் நாட்களோடு போய்விட்டது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். என் ரத்தம் அவருக்குப் பொருந்தியது. ஒவ்வொரு பரிசோதனையாக எல்லாமே பொருந்தியது. கடைசியில், தானம் கொடுப்பவர்களைக் கவனிக்கும் பெண்மணி ஒரு பெரிய புன்னகையோடு சொன்னார்: எடை மட்டும் இருபது பவுண்டு குறைய வேண்டும், சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது, மார்ச் மாதம் வாருங்கள், குறைந்திருந்தால் எடுத்துக்கொள்கிறோம், குறையாவிட்டால் முடியாது. இலவசமாகக் கொடுக்க வந்தவளை எடை போட்டுத் திருப்பி அனுப்புகிறார்களே என்று எனக்கு வந்த கோபத்தில், பார்க்கிங்கில் கார் எங்கே நின்றது என்றே மறந்துவிட்டது.

சிறுநீரகம் கொடுக்கப் போகும் விஷயத்தை யாருக்கும் சொல்லவில்லை. என் அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த ஃப்ளைட்டைப் பிடித்து வந்து ஹாலில் உட்கார்ந்து அழுவாள். அவருடைய அம்மா சென்னையில் இருந்தபடியே அழுவார். தெருவில் ஒருத்தருக்குத் தெரிந்தால், சாயங்காலத்துக்குள் இரண்டு அம்மாக்களுக்கும் தெரிந்துவிடும். அதனால் நாங்கள் இரண்டு பேர், எட்டாவது படிக்கும் மகள், அவ்வளவுதான். மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

டயட்டீஷியன் என்னை உட்கார வைத்து, சால்மன் மீன், கீன்வா, அவகாடோ, பெர்ரிப் பழங்கள் என்று ஒரு கல்யாண விருந்தே சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார். என் ஒருத்தி சம்பளம். டிசம்பரில் அந்தக் குட்டிப் பெர்ரி டப்பாவின் விலையைப் பார்த்துவிட்டு, அது குழந்தை மாதிரி தூங்கட்டும் என்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நேராக இந்தியன் ஸ்டோருக்குப் போய் கொள்ளும் பாசிப்பயறும் மூட்டையாக வாங்கினேன். கொரியன் கடையில் முட்டைக்கோஸ் மலிவாகக் கிடைத்தது. தலையணை சைஸில் ஒன்று வாங்கினால் வாரம் பூராவும் வரும். காலையில் பயறு, மதியம் கோஸ் பொரியலோடு கொஞ்சம் சோறு, ராத்திரி கொள்ளு ரசம். சாலட் மட்டும் என்னால் முடியவில்லை. வெளியே முட்டிவரை பனி கிடக்கும்போது ஜில்லென்று இலையைத் தின்னச் சொல்கிறார்களே, இவர்களுக்கெல்லாம் பல் கூசாதா?

நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில் பசி என்பது வயிற்றில் வருவதில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்தாலே மிளகாய் பஜ்ஜி வேண்டும் என்று நாக்கு அடம்பிடிக்கும். அதன் வாயை அடைக்கத்தான் அந்தக் கொள்ளு ரசம். மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு, ஆவி பறக்க இரண்டு டம்ளர் குடித்தால் காதெல்லாம் சூடாகி, பசி கொஞ்சம் ஏமாந்துபோகும். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, திஸ் இஸ் லிட்டரலி ஹார்ஸ் ஃபுட்" என்பாள்.

"ஆமாண்டி. குதிரை எங்கயாவது தொப்பையோட ஓடிப் பாத்திருக்கியா?" என்பேன்.

வெளியே நடக்க முடியாத குளிர். அதனால் பனி தள்ளுவதே உடற்பயிற்சி என்று முடிவு செய்தேன். வழக்கமாக டிரைவ்வேயைச் சுத்தம் செய்ய வரும் ஆளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே ஷவலை எடுத்தேன். காசும் மிச்சம், உடம்பும் இளைக்கும். எங்கள் டிரைவ்வே முடிந்த பிறகும் வெறி அடங்காமல் நடைபாதையில் பக்கத்து வீட்டு எல்லைவரை தள்ளினேன். தெருவில் ஒவ்வொரு ஜன்னலிலும் திரை விலகியது எனக்குத் தெரியாமல் போயிற்று.

வீட்டில் இன்னொரு தொல்லை. அவருக்கு உப்பு கூடாது, தேங்காய் கூடாது, வாழைப்பழம் கூடாது, தக்காளியையும் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். ருசித்துச் சாப்பிட்ட மனுஷன். தன்னால்தான் முடியவில்லை, கட்டியவளாவது சாப்பிடட்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. காலையில் நான் ஆபீஸ் கிளம்பும்போது வெண்ணெய் வழிய இரண்டு பிரெட்டைச் சுட்டு நீட்டுவார். "ஒண்ணே ஒண்ணு, ஒண்ணும் ஆகாது" என்பார். பாவம், நான் சாப்பிடுவதைப் பார்த்து அவர் மனசை ஆற்றிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பாவத்துக்காகவே பாதி நாள் தின்றும் தொலைத்தேன்.

அப்படியும் புத்தாண்டு சமயத்தில் ஜீன்ஸ் இடுப்பில் நிற்காமல் நழுவியது. குளியலறையில் சத்தம் வராமல் ஒரு குதி குதித்தேன். அந்த வாரம்தான் வாசலில் முதல் பை வந்தது.

தெருக்கோடி வீட்டு ஆன்ட்டி அனுப்பியது. எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவை நடத்துபவர் அவர். மகன் வீட்டோடு வந்து தங்கிவிட்ட திருச்சிக்காரர். பைக்குள் சர்க்கரைப் பொங்கல், மெதுவடை, ஒரு டப்பா தேங்காய்ச் சட்னி. மார்கழி மாசம், பிரசாதம் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் அடுத்த வீட்டிலிருந்து பிசிபேளாபாத். அதற்கு அடுத்த நாள் இலங்கைத் தமிழர் வீட்டு அக்கா கொடுத்தனுப்பிய பால் சோறும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டா சம்பலும். பொங்கல் பண்டிகை வந்து போயிற்று, பை வருவது மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் கார் சத்தம் கேட்கும், கதவு மணி அடிக்கும், போய்ப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டார்கள், பை இருக்கும்.

சாப்பாட்டைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. அவர் சாப்பிட முடியாது. மகள் பாஸ்தா தவிர எதையும் தொட மாட்டாள். மிச்சம் யார்? ஃப்ரீஸரில் திணித்தேன். ஃப்ரீஸர் மூட மறுத்த நாளில் என் வயிற்றிலேயே திணித்துக்கொண்டேன். நெய்யில் முந்திரி மிதக்கும் கேசரியைத் தினமும் எதிரில் வைத்துக்கொண்டு கோஸ் தின்ன நான் என்ன துறவியா?

சரி, வாங்கிய டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே. அது நம் வழக்கத்திலேயே கிடையாது. எதையாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? கொள்ளு. எல்லா டப்பாவிலும் கொள்ளுச் சுண்டல் போட்டுக் கொடுத்தேன். அங்கேதான் நான் சறுக்கினேன். அந்த வீட்டில் வாழைக்காய் வறுவலுக்குக்கூட வழியில்லாமல் கொள்ளைத் தின்று காலம் தள்ளுகிறார்கள், பனியைக்கூட அவளே தள்ளுகிறாள் என்று தெருவே கண்ணைத் துடைத்துக்கொண்டது. அடுத்த வாரத்திலிருந்து நாளுக்கு இரண்டு பை.

ஜனவரி கடைசியில் எடை மெஷினில் ஏறினேன். குறைந்ததில் பாதி திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. மெஷினை நகர்த்தி வைத்து ஏறினேன். ஒரு காலைத் தூக்கிக்கொண்டுகூட ஏறினேன். அது அசையவில்லை. குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். மார்ச் நெருங்கிக்கொண்டிருந்தது. டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் அவர் காரிலிருந்து இறங்கிக் கதவுவரை நடக்கவே சுவரைப் பிடித்துக்கொள்வார். வடைக்கு ஆசைப்பட்டு இந்த மனுஷனை விட்டுவிடப் போகிறேனா என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

காலி டப்பாக்களை, ஆம், முதல் தடவையாகக் காலியாகவே, ஒரு பையில் அடுக்கிக்கொண்டு ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றபடி போட்டு உடைத்துவிட்டேன்.

"ஆன்ட்டி, நான் வேணும்னுதான் எளைக்கறேன். என் கிட்னிய அவருக்குக் குடுக்கப் போறேன். எடை கொறையலன்னா டாக்டர்ஸ் எடுத்துக்க மாட்டாங்க. தயவு செஞ்சு இந்தப் பைய நிறுத்தச் சொல்லுங்க."

ஆன்ட்டி செருப்பு ஸ்டாண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அப்ப அவரு எதுக்கும்மா எனக்கு போன் பண்ணாரு?" என்றார்.

"யாரு?"

"உன் வீட்டுக்காரர்தான். நீ சரியாவே சாப்பிடறதில்ல, எல்லார்கிட்டயும் சொல்லி ஏதாவது குடுத்தனுப்புங்க ஆன்ட்டின்னாரு. வடைன்னா அவளுக்கு உசுருன்னாரு. நெய் ஊத்தின ஐட்டமாப் பாத்து அனுப்புங்கன்னு வேற சொன்னாரும்மா!"

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. கோட்டு பட்டன் போடாமல் பனியில் ஓடியதற்கு அன்றைக்கு ஏதாவது எடை குறைந்திருக்க வேண்டும். அவர் சமையலறையில் நின்று, தனக்காக, பொட்டாசியம் இறங்கட்டும் என்று உருளைக்கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வெண்ண தடவிக் குடுத்தது, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னது, தெருவையே கூட்டி எனக்கு வடை ஊட்டினது, எல்லாம் உங்க வேலையா?" என்று கத்தினேன்.

அவர் மறுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம்னு நேர்ல சொன்னா நீ கேக்க மாட்டே. ஆஸ்பத்திரிக்காரங்களே வேணாம்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சுல்ல. கிட்னிக்குக் காத்திருக்கறவங்க லிஸ்ட்ல என் பேர் இருக்கு. வர்றப்ப வரட்டும். பாப்பாவுக்கு நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது முழுசா இருக்கணும்."

இரண்டு மாதமாக நான் பாவம் என்று நினைத்துத் தின்ற ஒவ்வொரு பிரெட்டும் நெஞ்சில் வந்து நின்றது. அடித்துவிடலாம் என்றிருந்தது. கட்டிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. வாய் மட்டும் வழக்கம்போல முந்திக்கொண்டது.

"லிஸ்ட்ல வர்றதுக்கு எத்தன வருஷம் ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? அதுக்குள்ள நீங்க போய்ச் சேந்துட்டா நான் இந்த ஊர்ல ஒத்தையா பனி தள்ளிக்கிட்டு கெடக்கணுமா? ஒரு கிட்னியோட நான் நல்லாத்தான் இருப்பேன். நீங்க இல்லாம என்னால முடியாது. போதுமா?"

அப்படியெல்லாம் நாங்கள் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள், "ஓ மை காட், அப்பா, யூ டிட் வாட்?" என்று இறங்கி வந்தாள். அவரைத் திட்ட ஆரம்பித்தவள் பாதியிலேயே அழுதுவிட்டாள். இப்போது அதைச் சொன்னால் அவர் சிரிப்பார். அன்றைக்கு மூன்று பேருக்கும் மூக்கு சிவந்துதான் இருந்தது.

ஆன்ட்டி நான் கேட்டபடியே செய்தார். விஷயத்தை வெளியே விடாமல், எனக்கு வயிறு சரியில்லை, யாரும் எதுவும் அனுப்ப வேண்டாம் என்று குழுவில் போட்டார். நம் ஆட்கள் கேட்பார்களா? மறுநாளே சுக்குக் கஷாயமும் பூண்டு ரசமும் ஓமத் தண்ணியும் வந்து இறங்கின. அதைக் குடித்து யாரும் குண்டானதாகத் தெரியவில்லை. நிம்மதியாக வாங்கிக் குடித்தேன்.

அவரும் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார். நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் கோஸை நறுக்கி, எண்ணெய் படாமல் வேகவைத்திருப்பார். அவர் சமையல் வாயில் வைக்க முடியாது. நிச்சயமாக இளைக்கலாம். எதிரில் அவருடைய உப்பில்லாத தட்டு, இந்தப் பக்கம் என்னுடைய ருசியில்லாத தட்டு. பிப்ரவரி முழுக்க இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் முறைத்துக்கொண்டே சாப்பிட்டோம்.

மார்ச்சில் போனோம். மெஷின் முன்னால் நின்று கோட்டைக் கழற்றினேன். ஸ்வெட்டர், பூட்ஸ், கைப்பை, வளையல், கடைசியில் ஹேர்கிளிப் வரை ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அந்தப் பெண்மணி எண்ணைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், கட்டைவிரலை உயர்த்தினார். எனக்கு மெஷினை விட்டு இறங்கவே மனசில்லை.

திரும்பிப் பார்த்தேன். என் குளிர் உடுப்பு அத்தனையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் அழுதுகொண்டிருந்தார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அந்தப் பெண்மணி டிஷ்யூ நீட்டினார். வாங்க அவருக்குக் கை இல்லை. நான் வாங்கித் துடைத்துவிட்டேன்.

"சந்தோஷமா?" என்று கேட்டேன்.

"பயமா இருக்கு," என்றார். பிறகு என் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "ஆனா எனக்கு வாழணும் போல இருக்கு" என்றார்.

நோய் வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.