கிறகோரி வாங்கிய புளிப்பு

அந்த வருஷப் பாஸ்காவில் மெல்பேண், கிளேட்டனில் இருக்கும் கிறகோரி, கோல்ஃபீல்டில் இருக்கும் ஹெர்ஷலுக்கு முப்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு டொலர் கடன்காரர்.

வட்டிக்கு வாங்கிய கடனில்லை, சரக்கு வாங்கிய கடன். யூதர்கள் பாஸ்கா எட்டு நாளும் புளிப்புச் சேர்ந்த எதையும் சாப்பிட மாட்டார்கள். பாண், பிஸ்கட், தானியத்தில் வடித்த விஸ்கி எதுவும் ஆகாது. அதைச் சொந்தமாக வைத்திருப்பதும் குற்றம். ஹெர்ஷல் கிழவரின் மொத்த வியாபாரக் கிடங்கு நிறைய அதுதான். ஆகவே பெருநாளுக்கு முன் வேற்று மதத்தவர் ஒருவருக்கு எல்லாவற்றையும் விற்றுவிடுவார். முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வார். முற்பணம் ஐந்நூறு, மிச்சம் கடன்.

அந்தக் கிடங்கை முப்பது வருஷமாகக் கூட்டித் துடைப்பது கிறகோரியின் கம்பனி. சொந்த ஊரான பேசாலையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், மெல்பேணில் ஒற்றை வாளியோடு தொடங்கினார். இன்றைக்குப் பதினான்கு வான் ஓடுகிறது, பட்டம் படித்தவர்கள் அவருக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். இதை அவர் சொல்லிக் கேட்காத ஆள் கிளேட்டனில் இல்லை.

ஹெர்ஷலின் மகன் பெயர் ஆவி. பரிசுத்தமானதில்லை, மற்றது என்று கிறகோரி வீட்டில் பகிடி விடுவார். அவன்தான் பத்திரத்தை நீட்டி, இது சும்மா ஒரு சடங்கு, கிரெக், கையெழுத்துப் போட்டால் போதும் என்றான். கிறகோரி எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்தார். சரக்கோடு கிடங்கும் எட்டு நாளுக்கு அவருக்கு வாடகைக்கு என்று எழுதியிருந்தது. கிடங்குக் கதவின் திறப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு, பின்னேர விருந்துக்கு விஸ்கி எடுத்து வரப் புறப்பட்டார். மனைவி அன்னமலருக்குப் பிடிக்கவில்லை.

"அவங்கட சடங்கில போய் உங்கட கெட்டித்தனத்தைக் காட்டப் போறீங்களே?"

"வாங்கினவன் எடுக்கிறான். இதில என்ன கெட்டித்தனம்?"

கிடங்கு திறந்ததும் ஆவியின் போனில் எச்சரிக்கை மணி அடித்திருக்கிறது. போத்தல்களை வானில் ஏற்றும்போது வந்து நின்றான். திருப்பி வைக்கச் சொன்னான், இல்லையென்றால் துப்புரவு ஒப்பந்தம் நாளைக்கே போய்விடும் என்றான். கம்பனியின் ஆகப் பெரிய ஒப்பந்தம் அது. போனால் மூன்று வான் சும்மா நிற்கும். கிறகோரி கடைசிப் போத்தலையும் ஏற்றிவிட்டுத்தான் திரும்பினார்.

"பெருநாள் முடியுமட்டும் உள்ளுக்குக் கிடக்கிறதெல்லாம் என்ர சாமான். நீர்தான் தம்பி என்ர இடத்தில நிக்கிறீர். நான் வாங்கினது பகிடிக்கெண்டால் உங்கட பெருநாளும் பகிடிதான்."

அதற்குள் ஹெர்ஷல் மகனின் காரிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். இரண்டு பக்கமும் கேட்டார். பிறகு மகனைத்தான் கடிந்தார். எகிப்தில் அடிமைப்பட்ட நம் சனம் மா புளிக்கும் வரைகூடப் பொறுக்காமல் வெளிக்கிட்டது. கையில் ஒன்றுமில்லாமல் விடுதலையானது. அதை நினைக்கத்தான் இந்த எட்டு நாளும் புளிப்பை விட்டுவிடுகிறோம். உன் மனசு அந்தப் போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது, நீயும் இன்னும் எகிப்தில்தான் இருக்கிறாய் என்றார்.

கிறகோரி சிரிக்க வாயெடுத்தார். கிழவர் அவரையும் விடவில்லை. புளிப்பு என்றால் ஊதிப் பெருப்பது, மனிதரின் பெருமையும் அதுதான், உன் நெஞ்சிலும் நிறையக் கிடக்கிறது என்றார்.

கிறகோரி வானின் கதவை அடித்துச் சாத்தினார்.

"வளைகுடாவில ஒருத்தன் என்ர பாஸ்போட்டைப் பறிச்சு வச்சிருந்தவன். அவனுக்குக் கீழ ரெண்டு வருஷம் தட்டை ரொட்டிதான் திண்டனான். அங்க எனக்கு ஊதுறதுக்கு நெஞ்சு இருக்கேல்லை. இப்ப இருக்கு. அதை நான் ஒருத்தருக்கும் விக்கமாட்டன்."

கிழவர் இருமல் வரும்வரை சிரித்தார். ஆவி சிரிக்கவில்லை.

பெருநாள் முடிந்த வெள்ளிக்கிழமை காலை, திருப்பி வாங்கும் பத்திரத்தோடு ஆவி தகப்பனையும் கூட்டிக்கொண்டு வந்து கிடங்கில் காத்திருந்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனையால் தொட்டுக் காட்டினான். கிறகோரி பேனையைத் தொடவில்லை. தான் நினைத்தால் மிச்சக் கடனைக் கட்டி எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம், காசு வங்கியில் கிடக்கிறது, விற்பேனா என்று தன்னை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை என்றார். ஆவி தகப்பனைப் பார்த்தான். தகப்பன் பலகணிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கிறகோரி சொன்னால் செய்வார் என்பது ஆவிக்குத் தெரியும்.

பேனையை மேசையில் வைத்துவிட்டு, "மிஸ்டர் கிறகோரி," என்றான், "உங்கள் சரக்கை எங்களுக்கு விற்பீர்களா?"

"இப்ப கேட்டது கேள்வி," என்று கிறகோரி கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். கடன் பத்திரத்தைக் கிழிக்க வேண்டும், முற்பணத்தைத் தர வேண்டும், தான் எடுத்த விஸ்கிக்குக் கடை விலையே கழிக்கலாம், வியாபாரி என்பதால் ஐம்பது டொலர் லாபம் வேண்டும் என்றார். ஆவி தலையசைத்தான். கையெழுத்து விழுந்தது. காசை வங்கிக்கு அனுப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று கிறகோரி வலது கையை மேசைக்கு மேலே நீட்டி விரித்தார். ஆவி ஒவ்வொரு தாளாக, வாய்விட்டு எண்ணி, அந்த உள்ளங்கையில் வைத்தான்.