ரோச் மாமா வீட்டுச் சுவர்

விஜிலாவுக்கு நாற்பத்து நான்கு வயது. தூத்துக்குடியில் ஆர்க்கிடெக்ட். பிளான் போட்டு, கார்ப்பரேஷனில் அப்ரூவல் வாங்கித் தருகிற ஆள் என்பதுதான் ஊரில் அதற்கு அர்த்தம். இருபது வருடமாக அவள் வரைந்த வீடுகளை வரிசையாக நிறுத்தினால் எல்லாம் அக்கா தங்கை மாதிரிதான் இருக்கும். இரண்டு படுக்கையறை, முன்னால் கார் நிறுத்த இடம், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி. வருபவர்கள் போனில் ஒரு வீட்டு முகப்பின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி எலிவேஷன் வேணும்" என்பார்கள். அவளும் போட்டுக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கால் ஓரிடத்தில் நிற்காது. கூடத்துக்கும் குசினிக்குமாக நடப்பாள்.

அந்தத் தவிப்பைப் படித்துத் தீர்க்கப் பார்த்தாள். ஒரு வருடம் வாஸ்து. அடுத்த வருடம் தோட்ட வடிவமைப்பு. அதற்கும் அடுத்து, கட்டிடத்தைத் திரையிலேயே எழுப்பிக் காட்டும் ஒரு மென்பொருள். அதைக் கற்று முடிப்பதற்குள் அதன் புதுப் பதிப்பு வந்துவிட்டது. கூடப் படித்தவர்களில் ஒருத்தி பெங்களூரில் ஆஸ்பத்திரிகளை மட்டுமே வடிவமைக்கிறாள். "நீ எதுல ஸ்பெஷல், விஜி?" என்று வாட்ஸ்அப் குழுவில் அவள் கேட்டதற்கு விஜிலா இன்னும் பதில் போடவில்லை. கணவன் ஹென்றி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ்களைப் பார்த்து, "இன்னும் நாலு வாங்கிரு, இந்தச் சுவருக்குப் பெயிண்டே அடிக்க வேண்டாம்" என்பான்.

இந்த வருடம் சேர்ந்தது பழைய கட்டிடங்களைப் பழுதுபார்க்கும் படிப்பு. ஆறு மாதம், சனிக்கிழமை மதியம், ஆன்லைனில். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மதியம்தான் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது.

ஜூன் கடைசி சனிக்கிழமை, கேமராவை அணைத்துவிட்டு, லேப்டாப்பைக் குசினி மேடையில் சாய்த்து வைத்துக்கொண்டு சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சென்னையிலிருந்து பாடம் எடுத்த அம்மாள் ஒரு சுவரின் படத்தைப் போட்டார். தரையிலிருந்து நாலடிக்கு டைல்ஸ். அதற்கு மேலே பெயிண்ட் கொப்புளித்து உரிந்து, வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

"இது பவளப்பாறைக் கல் சுவர். தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் வெளியே போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு ஆர்க்கிடெக்ட் சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி, டைல்ஸையும் ஒட்டிவிட்டார். வெளியேற வழியில்லாத ஈரம் உப்போடு மேலே ஏறுகிறது. வீட்டுக்காரர் கேட்டால் எல்லாம் கடல்காற்று என்று சொல்லிவிடுவோம். காற்று வந்து மறுத்துப் பேசப்போவதில்லையே."

விஜிலாவின் கை நின்றுவிட்டது. படம் ராமேஸ்வரம் பக்கம் எடுத்தது. ஆனால் அந்த நாலடி உயரத்தை, டைல்ஸ் முடியும் இடத்தில் அந்த உப்பு வரியை, அவள் ரோச் மாமா வீட்டில் வருடா வருடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ரோச் மாமா அவளுடைய அத்தை பிளாரன்ஸின் கணவர். தோணியை நடத்திச் செல்லும் தண்டலாக இருந்து, மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப் போனவர். பெரிய கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அவர் வீடு, கடலில் வெட்டியெடுத்த கல்லில் கட்டியது. விஜிலா தனியாகத் தொழில் தொடங்கியபோது முதல் வேலையாக அந்தக் கூடத்துக்குச் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டக் கொடுத்தது மாமாதான். பதினாறு வருடமாகிறது. "ஊரு ஊருக்கு சிமெண்ட் கொண்டுபோனவன் வீட்டுல சுண்ணாம்பு உதிருதுன்னு சிரிக்கானுவ" என்று அவரும் அப்போது சொன்னார்தான். ஆனால் வரைந்து கையெழுத்துப் போட்டது அவள்.

ஒவ்வொரு வருடமும் மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் மாமா கூடத்துக்குப் பெயிண்ட் அடிப்பார். மழைக்காலம் முடிவதற்குள் உரிந்துவிடும். "கடல்காத்து மாமா" என்பாள் விஜிலா. மாமா அவளை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. படித்த பிள்ளை. அவர் சந்தேகப்பட்டது பெயிண்ட் கடை செல்வதுரை அண்ணாச்சியை. இரண்டு பேரும் தினம் சாயங்காலம் ஒன்றாக டீ குடித்தவர்கள். ஏழு வருடத்துக்கு முன் ஒருநாள், காலி டின்னைக் கடை வாசலில் வீசி, "பெயிண்டுல தண்ணிய கலக்குதான்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு வந்தார். அதோடு பேச்சு நின்றது. அன்று முதல் மாமா பெயிண்ட் வாங்க ஊரின் அடுத்த கோடிக்குப் போய்வருகிறார். அதுவும் உரியத்தான் செய்தது, ஆனாலும் வீம்பு விடவில்லை.

பாடம் முடியும்போது அந்த அம்மாள் சொன்னார்: "கடைசிப் பயிற்சி இதுதான். நீங்களே செய்த வேலையில் ஒரு தவறைத் திறந்து பாருங்கள். படம் எடுத்து எழுதி அனுப்புங்கள்."

அன்று சாயங்காலம் அத்தையிடமிருந்து போன். "ஏளா விஜிலா, மாமா இந்தத் தடவ பெயிண்டே வேண்டாங்காவ. மேல வரைக்கும் டைல்ஸ் ஒட்டிரப் போறாவளாம். புதன்கிழம ஆள் வாரான். நீ வந்து டிசைன் மட்டும் பாத்துச் சொல்லு."

மேலே வரைக்கும் ஒட்டினால் ஈரம் உத்தரக் கட்டைக்கு ஏறி அதை மக்க வைக்கும். அந்தக் கட்டைகள்தான் மாடியைத் தாங்குகின்றன.

ஹென்றியிடம் சொன்னாள். அவன் சாளைக் குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டான். "டைல்ஸ் வேண்டாம், இப்ப இது பேஷன் இல்லன்னு சொல்லிரு. காத்துன்னு சொன்னது காத்தாவே இருக்கட்டும். பரீட்சைக்கு வேற ஏதாவது ஒரு கட்டிடம் இல்லாமலா போவும்?"

இருந்தது. அதுதான் அவளைப் பாடாய்ப்படுத்தியது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் தூணோரம் உட்கார்ந்து, சாமியார் பிரசங்கம் முடிகிறவரை கட்டைவிரல் நகத்தால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை ஒரு வீட்டு பிளானில் கழிவறைக்குக் கதவு போட மறந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் உளியையும் சுத்தியலையும் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மாமா கூடத்தில் டைல்ஸ் மாதிரிகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தார். "வா. இதுல கப்பல் படம் போட்டது நல்லாருக்கா, பூவா?"

"மாமா, டைல்ஸ் ஒட்டக் கூடாது."

"ஏன், கலர் புடிக்கலியா?"

"சுவர் உரியுறது காத்தால இல்ல. என்னாலதான். அன்னிக்கு நான் சுண்ணாம்ப எடுத்துட்டு சிமெண்ட் பூசச் சொன்னது தப்பு." உளியை எடுத்து, டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேலே நாலு தட்டுத் தட்டினாள். சிமெண்ட் பூச்சு அப்பளம் போல் ஒரு பாளமாக விழுந்தது. உள்ளே கல் நனைந்த கடற்பஞ்சு மாதிரி இருந்தது. மாமா விரலை வைத்து, நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

"உப்பு" என்றார்.

பிளாரன்ஸ் அத்தை குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "திருவிழாவுக்கு ஆள் வார நேரத்துல சுவர ஒடைச்சுப் போட்டுட்டாளே!" என்று கத்தினாள். மாமா கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். தேய்த்துத் தேய்த்து விரலில் இருந்த உப்பை உதிர்த்தார்.

"சரி, நீயும் அப்ப சின்னப்புள்ள. நானும் சிமெண்ட், சிமெண்ட்டுன்னு குதிச்சேன். அது போவட்டும். ஆனா அந்தாளு கட வாசல்ல டின்னத் தூக்கி எறிஞ்சேனே. ஏழு வருசம்ளா! அவன் மவ கல்யாணத்துக்குக்கூட நான் போவல."

"மன்னிச்சிருங்க மாமா."

"எங்கிட்ட எதுக்கு? கெளம்பு." சட்டையை மாட்டினார். "எனக்குச் சொன்ன மாதிரியே அவன்ட்டயும் சொல்லு. ஒரு வார்த்தை கொறையக் கூடாது."

கடையில் கூட்டம் இல்லை. கணக்குப்பிள்ளை வேலையும் தானே பார்த்துக்கொண்டிருந்த செல்வதுரை அண்ணாச்சி, மாமாவைக் கண்டதும் எழுந்து நின்றார். மறுபடி ஏதாவது பறந்து வருமோ என்பதுபோல் ஒரு கை முன்னால் வந்தது. மாமா அவரைப் பார்க்காமல் டின் அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விஜிலா சொன்னாள். ஈரம், கல், சிமெண்ட், டைல்ஸ், தன் கையெழுத்து.

அண்ணாச்சி கணக்கு நோட்டை மூடினார். "அப்ப என் பெயிண்ட்ல கோளாறு இல்ல?"

"இல்ல அண்ணாச்சி."

"அடப் பாவமே. இவரு எறிஞ்சதுல எனக்கே சந்தேகம் வந்து, பெயிண்ட் கொண்டாந்த ஏஜென்ட கடைக்குள்ள ஏறாதன்னு வெரட்டி விட்டேனே."

மாமாவின் தோள் குலுங்கியது. அவர் சிரிப்பதைப் பார்த்து அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. "சிரிக்கிய என்ன? டின்னு என் கால் வெரல்லதாம்யா விழுந்தது. நகம் இன்னும் கோணையாத்தான் மொளைக்கி." செருப்பைக் கழற்றிக் காட்டினார். மாமா குனிந்து நிஜமாகவே பார்த்தார். பிறகு அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இந்தத் திருவிழாவுக்கு என்ன கலர் வேணும்?" என்றார் அண்ணாச்சி, பழக்கதோஷத்தில்.

"கலரே வேண்டாம்" என்றாள் விஜிலா. "டைல்ஸும் சிமெண்ட்டும் முழுசா எடுக்கணும். ஒரு வருசமாவது சுவர் சும்மா காயணும். அதுக்கப்புறம் சுண்ணாம்பு."

"அத்தைட்ட நீயே சொல்லு" என்றார் மாமா. "ஒரு வருசம் கல்லு தெரியுற கூடத்துல விருந்தாளிய உக்கார வைக்கச் சொன்னா, உன்னைய அதே சுவர்ல வச்சிப் பூசிருவா."

அண்ணாச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, அந்தத் தெருவுல எல்லாம் கடல்கல்லு வீடுதான. நீ எத்தன வீட்டுக்கு இப்படிப் பூசச் சொல்லியிருப்ப?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் சனிக்கிழமையிலிருந்து கால் ஓரிடத்தில் நிற்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. விரல் விட்டு எண்ணினாள். ஒரு கை போதவில்லை. இரண்டு கையும் போதவில்லை.

"பதினொண்ணு" என்றாள்.

மேசையில் கிடந்த, பெயிண்ட் நிறங்கள் அச்சடித்த ஷேட் கார்டின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதினாள். சில பெயர்கள் உடனே வந்தன, சிலதுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. முதல் பெயர் சிலுவை டீச்சர். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அந்த டீச்சருடைய நாக்கின் கூர்மை ஊருக்கே தெரியும். கார்டை மடித்துக் கைப்பையில் உளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"நில்லுளா" என்று ஸ்டூலிலிருந்து எழுந்தார் மாமா. "நானும் வாரேன்."

"நீங்க எதுக்கு மாமா? வெயிலாருக்கு."

"நீ சொல்லும்போது டீச்சர் மொகம் போற போக்கப் பாக்காண்டாமா? அண்ணாச்சி, டீ சொல்லி வையும். திரும்பி வந்துருவோம்."

விஜிலா அவருக்காக நிற்காமல் டீச்சர் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.