ஓநாய் பார்க்கக் கிளம்பிய தணிகாசலம்

விடியலில் உப்பள வரப்பில் ஓர் உருவம் தெரிந்தால் குரல் கொடுத்து விசாரிப்பது எங்கள் வழக்கம். உப்புத் திருட வந்தவனா, பக்கத்துப் பாத்திக்காரனா என்று தெரிய வேண்டுமே. மார்கழி பிறந்து மழை ஓய்ந்த ஒரு காலையில் தணிகாசலத்தின் வரப்பில் ஆள் தெரிந்தது. "யாருடா அது?" என்று கத்தினேன். "உன் சனியன்டா!" என்றுதான் அவனிடமிருந்து பதில் வரும். எத்தனையோ வருடமாக அதே பதில். அன்று வந்தது வேறு குரல். "நான்தாண்ணே, சேகரு. அண்ணன் போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்ளோதான்" என்றான் அவன் தம்பி.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். மார்கழி முடிவதற்குள் ஓநாய் பார்க்கப் போவதாக இருந்தவன், அதற்குள் என்ன அவசரம்?

அவனை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பஸ் நிறுத்தத்தில் நீங்கள் கட்டியிருக்கும் பேனரில் "சாந்த சொரூபி" என்று போட்டிருக்கிறது. யாரைச் சொல்கிறீர்கள்? வாய்க்கால் தண்ணீரை எனக்கு முந்தித் தன் பாத்திக்குத் திருப்பிக்கொண்டு, கேட்கப் போனால் மண்வெட்டியைத் தூக்கியவன் அவன். சமாதானம் பேச வந்தவர்களில் அவனிடம் திட்டு வாங்காமல் திரும்பியவர் உங்களில் யாராவது உண்டா? செத்துப்போன ஒரே காரணத்துக்காக அவனை நல்லவனாக்காதீர்கள்.

அவனுக்குப் பிடித்தது நரிகள் மட்டும்தான். உப்பளத்துக்கு வரும் நரியைப் பார்த்துவிட்டால் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும். "இதுங்களுக்கு ஒரு பெரியப்பன் இருக்கான்யா, ஓநாயி, கர்நாடகாவுல. அவன் மூஞ்சிய பாக்காம நான் சாக மாட்டேன்" என்பான். உப்பு வேலை இல்லாத இந்தக் குளிர்காலத்தில் போவது என்று முடிவு செய்து, அங்குள்ள வழிகாட்டி பசவராஜிடம் பேசி ஜீப்பும் ஏற்பாடு செய்துவிட்டான். உப்பளத்து ஆட்கள் சிலரைச் சேர்த்தது போக ஜீப்பில் ஓர் இடம் காலியாக இருந்ததால் என்னையும் சேர்த்தான். பிரியத்தால் ஒன்றும் இல்லை.

ஏற்பாடா அது, சர்வாதிகாரம். வெள்ளை வேட்டி சட்டை கூடாது என்றான். "உன்ன வெள்ளையில பாத்தா ஓட்டு கேக்க வர்றான்னு ஓநாய் ஓடிடும்" என்றான். தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது, பீடி கூடாது, போன் அலறக் கூடாது. மங்கி குல்லா கட்டாயம். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களை டீக்கடை வாசலில் குல்லாவோடு வரிசையாக நிற்க வைத்தான். உச்சி வெயிலில் நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்து பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அடுத்தது ஒத்திகை. கீற்று போட்டு மூடிய உப்புக் குவியலுக்குப் பின்னால் விடியலில் உட்கார வைத்தான். நரி வந்து போகும்வரை மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. சாம்பல் வெளிச்சத்தில் வரப்பின் மேல் ஏதோ அசைந்தது. என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "யாருடா அது?" என்று கத்திவிட்டேன். நரி போன இடம் தெரியவில்லை. உப்பளத்தில் பிறந்தவனுக்கு விடியலில் அசைவதெல்லாம் ஆள்தான், நான் என்ன செய்வேன்? தணிகாசலம் கொதித்துவிட்டான். "அங்க வந்து ஓநாய்கிட்ட ஆதார் கார்டு கேப்பியாடா? நீ வராத!" என்று அத்தனை பேர் முன்னால் என்னைக் கழற்றிவிட்டான். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. காலையில் நான் கத்துவேன், அவன் "உன் சனியன்டா" என்பான். அதைப் பேச்சு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

காரியம் முடிந்ததும் மற்றவர்கள் பயணத்தைக் கைவிடலாம் என்றார்கள். "அவரே இல்ல, நாம போயி என்ன பண்றது?" என்று ஒருவர் இழுத்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவனுக்குப் பயந்து குல்லா போட்டீர்களே, இப்போது கேட்க ஆள் இல்லை என்றதும் விட்டுவிடுவீர்களா என்று சத்தம் போட்டேன். அங்கேயே பசவராஜுக்குப் போன் செய்து என் பெயரைச் சொன்னேன்.

"ஏழுமலை சாரா? உங்களப் பத்தி தணிகாசலம் சார் சொல்லியிருக்காரு. கத்துற ஆளு ஒருத்தர் வருவாரு, பின்சீட்டு குடுங்க, வாயில துண்டு கட்டி உக்கார வைங்கன்னு."

"எப்ப சொன்னாரு?"

"கடைசியா பேசினப்ப சார்."

பாவி. என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதை யாரிடமோ சொல்லியிருக்கிறான், என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன். நீங்கள் கட்டிய பேனரைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போனோம். பனி இறங்கிய புல்வெளி ஓரத்தில் ஜீப் நின்றது. பின்சீட்டில் உட்கார்ந்து, துண்டை நானே பல்லில் கடித்துக்கொண்டேன். ஆட்டு மந்தை போன தடத்தில் அது வந்தது. பழுப்பு நிறம், ஒல்லி உடம்பு, நீளமான கால்கள். நின்று எங்களை நேராகப் பார்த்தது. கேள்வி தொண்டைவரை வந்தது. துண்டை இன்னும் இறுக்கிக் கடித்தேன். ஓநாய் அவசரமே இல்லாமல் நடந்து போனது. அவன் பார்த்திருக்க வேண்டியதை நான் பார்த்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் இருவருக்கும் நடுவில் மிஞ்சியது என் கேள்வியும் அதற்கு அவன் சொன்ன பதிலும்தான். ஊர் திரும்பிய மறுநாள் விடியலில் உப்பளத்துக்குப் போனேன். அவன் வரப்பில் யாரும் இல்லை. இருந்தாலும் "யாருடா அது?" என்று கத்தினேன். பிறகு, அவன் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

"உன் பெரியப்பன் மூஞ்சிய பாத்துட்டேன்டா, சனியனே! வாயத் தொறக்கல!"