இருமல் கேட்டதும் எரிந்த விளக்கு

ரயில்வேயில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்று, கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் குடியிருந்தேன். பென்ஷன் அப்படியே நிற்க, மண்ணெண்ணெய் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. பொழுதுபட்டால் நானும் மனைவியும் இருட்டில்தான் இருப்போம்.

தபால் கந்தோரில் ஓய்வு பெற்ற காசிம் நானா மாலையில் என் வீட்டுக்குப் பத்திரிகை படிக்க வருவார். வாசல் படலையில் அவருடைய இருமல் கேட்டதும் மனைவி முணுமுணுப்பாள்.

"அவர் வந்திட்டார். லாம்பைக் கொளுத்துங்கோ."

வந்தவரை இருட்டில் இருத்த மனம் வராது, கொளுத்துவேன். அவர் பத்திரிகையைக் கடைசி வரிவரை படிப்பார். நான் எண்ணெய் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வாரம் அவர் வரவில்லை. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு மனம் கேட்காமல், பொழுதுபடும் நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வீடு இருண்டு கிடந்தது. ஆளில்லை என்று திரும்பும்போது எனக்கு இருமல் வந்துவிட்டது. உள்ளே ஒரு பெண்குரல் முணுமுணுத்தது. நெருப்புக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. ஜன்னலில் வெளிச்சம் வந்தது.

அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

காசிம் நானா கதவைத் திறந்தார். "வாங்கய்யா, உள்ளுக்கு வாங்க. முழங்கால் வலி, அதுதான் வரல்ல."

"லாம்பை நூத்துப்போட்டு வெளியில வாங்கோ நானா. இப்பிடியே இருந்து கதைப்பம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு விளக்கை ஊதி அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

எத்தனையோ மாலை விளக்கடியில் முகம் பார்த்துப் பேசியிருக்கிறோம். பென்ஷன் போதவில்லை என்று ஒருவருக்கொருவர் சொன்னது அன்றைய இருட்டில்தான்.